நீ அணைக்காமல் போன கம்ப்யூட்டர்

மேசைக்கு அடியில் காலை நீட்டுகிறேன், சூடு படவில்லை. இழுத்துக்கொண்டு மறுபடி நீட்டுகிறேன். பக்கத்து மேசையில் உன் கம்ப்யூட்டர் இத்தனை வருடமும் என் வலது கால்மீது அனல் ஊதிக்கொண்டிருந்தது. "அந்தப் பக்கம் திருப்பி வைடா" என்று எத்தனை தடவை கத்தியிருப்பேன்! இன்று அது அணைந்து கிடக்கிறது. அணைத்தவன் நான்தான். அதை உன்னிடம் சொல்லாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

உன் காரியம் முடிந்து இரண்டு வாரம் கழித்து உன் மனைவி செல்வி போன் செய்தாள். "அண்ணா, அவரு முகம் போட்டோவுல இருக்கு. குரல்தான் எங்கயும் இல்ல. அப்பா எப்படிம்மா பேசுவாரு, மறந்துடும்போல இருக்கேன்னு பாப்பா தினம் அழுவுறா." உன் வீட்டு லேப்டாப் படுக்கப்போகிறது என்று தெரிந்து, அதில் இருந்த அத்தனையையும் ஒரே ஃபைலாக, டிஸ்க் இமேஜாக ஆக்கி, அம்பத்தூர் ஆபீஸின் நெட்வொர்க் டிரைவில் நீ போட்டு வைத்தது எனக்குத் தெரியும். "நாளைக்கே எடுத்துட்டு வரேம்மா" என்று பெரிய மனுஷன் மாதிரி வாக்குக் கொடுத்துவிட்டேன்.

உன் ஃபோல்டரைப் பார்க்க மேனேஜர் அனுமதி கொடுத்தார். ஃபைல் இருந்தது. திறக்கத்தான் மாட்டேன் என்றது. 'மவுண்ட் செய்ய முடியவில்லை' என்று ஒரே பல்லவி. என் டிஸ்க்குக்குக் காப்பி எடுக்கப் பார்த்தேன், அதற்கும் அசையவில்லை. வேறு இமேஜ்கள் சமர்த்தாகத் திறந்தன. கேபிளை மாற்றினேன். டிரைவைக் கழற்றி மறுபடி இணைத்தேன். கடைசியில் ஆபீஸில் இருந்த எல்லாக் கம்ப்யூட்டரையும் அணைத்து ஏற்றினேன், உன்னுடையதைத் தவிர. அதன் நெற்றியில் உன் மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது: 'அணைக்காதே. வேலை ஓடுது.' நீ போன பிறகும் அதைத் தொட யாருக்கும் மனசு வரவில்லை. கூட்ட வரும் அக்காகூடச் சுற்றித் துடைத்துவிட்டு, "அவரு எழுதி வெச்சது சார், இருந்துட்டுப் போவுது" என்று நகர்ந்துவிடுவார்.

மூன்று நாள். சாப்பாடு இறங்கவில்லை. அயனம்பாக்கம் ஏரிக்கரையில் காலையில் நடக்கும்போதும் அந்த ஃபைல்தான் மண்டைக்குள். செல்வியின் எண் போனில் வந்தால் எடுக்கப் பயந்தேன். ஃபைல் கெட்டுப்போயிருந்தால் அந்தக் குழந்தைக்கு என்ன பதில் சொல்வேன்?

நாலாம் நாள் எரிச்சலில் கீபோர்டை ஓங்கி அடித்தேன். அடித்ததும் உன் குரல்தான் ஞாபகம் வந்தது. நான் எப்போது அப்படி அடித்தாலும் நாற்காலியைச் சுழற்றிக்கொண்டு வந்து சொல்வாய்: "இன்னா மச்சான், ஃபைல் மேல கோவப்பட்டுகினு? யாரு அத்த புடிச்சிக்கினு கீறான்னு மொதல்ல பாரு." சர்வரில் போய், எந்த ஃபைலை எந்தக் கம்ப்யூட்டர் திறந்து வைத்திருக்கிறது என்ற பட்டியலைப் பார்க்க அரை நிமிடம் ஆகும். ஒன்று திறந்து பிடித்து வைத்திருந்தால் இன்னொன்றில் அது திறக்காது. பார்க்கவே இல்லை, மடையன். போய்ச் சேர்ந்தவன் ஃபைலை எவன் திறந்து வைத்திருக்கப்போகிறான் என்று இருந்துவிட்டேன்.

பார்த்தேன். ஒரே ஒரு வரி. உன் ஃபைல்; எதிரே உன் கம்ப்யூட்டரின் பெயர்; திறந்த நேரம், நீ கிளம்பிப்போன அந்த மத்தியானம்.

பாப்பாவின் பிறந்தநாளுக்கு அதிலிருந்து ஏதோ வீடியோ வெட்டிக்கொண்டிருந்தாய். "நெஞ்சு ஒரு மாதிரி கீது மச்சான், ஊட்டுக்குப் போயி படுத்துட்டு வரேன்" என்று திரையை மட்டும் அணைத்துவிட்டு எழுந்தாய். நான் தலையைத் தூக்கவில்லை. "போறப்ப கதவைச் சாத்திட்டுப் போடா, ஏசி வெளிய போவுது." நான் உன்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான். நீயும் ஒழுங்காகச் சாத்திவிட்டுப் போனாய். ஆவடி தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சீட்டைக் கிழியாமல் உரித்தேன். உன் நாற்காலியில் உட்கார்ந்து முறைப்படி அணைத்தேன். மின்விசிறி தேய்ந்து தேய்ந்து நின்றது. என் இடத்துக்கு வந்து ஃபைலை அழுத்தினேன். முதல் அழுத்தலிலேயே திறந்துகொண்டது.

அன்று சாயங்காலமே வெள்ளானூருக்கு, உன் வீட்டுக்குக் கொண்டுபோனேன். முதல் வீடியோவில் பாப்பா சைக்கிள் பழகுகிறாள். நீ எப்போதும்போலப் படத்தில் இல்லை, குரல் மட்டும். "ஓட்டு, ஓட்டு! அப்பா பின்னால புடிச்சிக்கினுதான் கீறேன், திரும்பிப் பாக்காத!" சைக்கிளோ உன்னைவிட்டுத் தெருமுனைக்கே போய்விட்டது.

செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பாப்பா மட்டும் குதித்தாள். "அங்கிள், அப்பா புளுகிட்டாரு! புடிக்கவே இல்ல பாருங்க!" என்று சிரித்துவிட்டு, "இன்னொருவாட்டி போடுங்க" என்றாள். ஏழு தடவை போட்டேன். அன்று இரவுதான் எனக்குச் சோறு இறங்கியது.

உன் மஞ்சள் சீட்டு என் சட்டைப்பையில் இருக்கிறது. ஆனாலும் இன்னும் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. ஆபீஸில் யார் "கிளம்புறேன்" என்றாலும் வேலையைப் போட்டுவிட்டு எழுந்துவிடுகிறேன். முகத்தைப் பார்க்கிறேன். "உடம்பு நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்கிறேன். படி இறங்கி வண்டியை எடுக்கும்வரை கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறேன். ஏசி போனால் போகட்டும்.