தேடப் போன வள்ளம்

அப்பா,

இன்று காலை கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் டீசல் வாடை குப்பென்று அடித்தது. உங்கள் சட்டையின் வாடை. ஒரகடம் வரும்வரை உட்கார முடியவில்லை, நின்றுகொண்டே வந்தேன். ஊரில் ஒரு வள்ளம் கரை திரும்பவில்லை. உங்கள் மருமகன் சூசை தேடப் போயிருக்கிறார்.

தாத்தா போனார், பிறகு நீங்கள் போனீர்கள். யாரும் அனுப்பிப் போனதில்லை. ஒரு வள்ளம் குறைந்தால் நம் வீட்டு வள்ளம் இறங்கும், அவ்வளவுதான்.

சூசைக்கு என்னைக் கட்டித்தர மாட்டேன் என்று நீங்கள் பிடிவாதமாக இருந்த வருடம் நினைவிருக்கிறது. ஒருநாள் டீ இடைவேளையில் லாக்கரைத் திறந்தேன். போனில் அவருடைய ஏழு அழைப்புகள். பதறிப்போய்க் கூப்பிட்டேன்.

"இன்ஜின் நின்னுட்டு. தண்ணி ஏறுது. ஒன் குரலைக் கேட்டுக்கிடலாம்னுதான்..."

"அப்பாவக் கூப்பிட்டியளா?"

"அவர எப்படிக் கூப்பிட?"

உடனே உங்களைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"அவன் எதுக்கு ஒனக்குப் போன் போட்டான்?"

உடனே நீங்களே, "சரி, அது கெடக்கட்டும். கரையில என்ன தெரியுதுன்னு கேளு" என்றீர்கள்.

மாதா கோயில் கோபுரம் இடதுபக்கம், அதற்கு வடக்கே பனைக்கூட்டம். இருவரையும் மாறி மாறிக் கூப்பிட்டு, அவர் சொல்லச் சொல்ல உங்களுக்குச் சொன்னேன். சூப்பர்வைசர் வந்துவிட்டார்.

"இன்னாம்மா, லைன் நின்னுகினு கீது, நீ போன் பேசிகினு கீற?"

"எங்க ஊர் வள்ளம் முழுகுது சார்."

நேரே போய் என் இடத்தில் அவரே நின்றுகொண்டார்.

பதினொன்றரைக்குச் சூசையின் போன் அணைந்துபோனது. உங்களுடையதும் கிடைக்கவில்லை. லைனுக்குத் திரும்பினேன், அதன்பின் என்ன வேலை செய்தேன் என்று இன்றும் சொல்லத் தெரியாது. ஷிப்ட் முடிந்து வெளியே வந்தபோது நீங்கள் கூப்பிட்டீர்கள்.

"வள்ளத்துல இருந்த மூணு பேரையும் ஏத்தியாச்சு." மூச்சு வாங்கியது உங்களுக்கு. "ஒன் ஆளுக்குக் கையில மட்டும் காயம்."

ஒன் ஆளு! கம்பெனி கேட் அருகே தரையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

கடைசியாக நீங்கள் படுக்கையில் கிடந்தபோது ஒன்று கேட்டேன். "இனிமே தேடப் போகாண்டாம்னு அவரிட்ட சொல்லுங்கப்பா."

"ஒங்கம்மாவும் இதைத்தான் சொன்னா" என்றீர்கள். "ஒவ்வொரு தடவையும் சொன்னா."

அம்மா அப்படிச் சொன்னாள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். பிள்ளைகள் காதில் விழாமல் சொல்லியிருக்கிறாள்.

நானும் இன்று விடியற்காலையில் போனில் சொன்னேன். அவர் முழுதாகக் கேட்டுக்கொண்டார். பிறகு வள்ளத்தைத் தள்ளும் சத்தம் கேட்டது. இப்போது சாயங்காலம் மணி நாலு. இன்னும் கூப்பிடவில்லை, அப்பா.