புதன்கிழமை மழை

நனைந்த நெத்தலியின் மணம் வேலி தாண்டி வருகிறது. பக்கத்து வளவில் றீற்றா கருவாடு காயப்போட்ட பாய்களை நேரத்தோடு சுருட்டி எடுத்துவிட்டாள். மறந்துபோன ஒன்று மட்டும் மூலையில் மழையில் ஊறிக் கிடக்கிறது. இந்த மணம் மூக்கில் ஏறினால் எனக்கு உன் ஞாபகம் வரும். ஞாபகத்தோடு பொறாமையும் வரும். நீ போய் ஆறு மாதமாகிறது, அது இன்னும் போகவில்லை.

பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தோம். நான் புவியியல் படிப்பிக்கப் போனேன், நீ கோயில் பாடகர் குழுவில் பாடப் போனாய். எங்கள் ஊர் ஓலைத்தொடுவாய்ச் சனத்துக்கு ஏழு நாளுக்குமான கிழமைக் காலநிலையை வட்ஸ்அப்பில் சொல்லலாம் என்று தொடங்கியது நான்தான். ஞாயிறு விடிய மொட்டைமாடியில் ஏறி நின்று முகிலைப் பார்ப்பேன். பஞ்சுப்பொதி மாதிரித் தனித்தனியாக நிற்பது திரள் முகில். வானத்தை ஒரே விரிப்பாக மூடுவது படை முகில். உயரத்தில் மெல்லிய இழையாக இழுபடுவது கீற்று முகில். அரச அறிவிப்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்த நாள் காற்று இறுகும், எந்த நாள் கருவாடு போடலாம் என்று ஒரு கொப்பித்தாளில் எழுதுவேன்.

என் குரலில் அனுப்பிய முதல் இரண்டு கிழமையும் ஒருவரும் மூச்சு விடவில்லை. மூன்றாம் கிழமை ஒருவர் எழுதினார்: "ரீச்சர், பாட்டுக்கார அக்காவைக் கொண்டு வாசிப்பியுங்கோ. உங்கட குரலைக் கேட்டா வீட்டுப்பாடம் செய்யாமல் வந்த மாதிரிக் கிடக்கு." நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நானும் சிரித்து வைத்தேன். அன்றிலிருந்து எழுதுவது நான், வாசிப்பது நீ, பேர் முழுக்க உனக்கு. சந்தையில் உன்னை மறித்துத்தான் மழை கேட்பார்கள். நான் மீன் பையோடு பக்கத்தில் நிற்பேன்.

போன சித்திரையில் ஒரு ஞாயிறு, பூசை முடிவில் பங்குச் சுவாமி உன்னை "எங்கட காலநிலை அக்கா" என்று சொன்னார். கோயிலே திரும்பி உன்னைப் பார்த்தது. எனக்கு நெஞ்சு எரிந்தது. அன்று விடியவே முருங்கன் ஊர்ப் பக்கத்தில் திரள் முகில் கோபுரம் கோபுரமாக எழும்பி நின்றதை நான் கண்டிருந்தேன். காலையிலேயே அப்படி எழும்பினால் இரண்டு மூன்று நாளில் பின்னேரத்து இடிமழை வரும். இருபத்தெட்டு வருடம் படிப்பித்தவளுக்கு அது தெரியாதா? வீட்டுக்கு வந்து, "கிழமை முழுக்க வெயில், கருவாடு போடலாம்" என்று எழுதினேன். கைமறதி என்று எனக்கே பலநாள் சொல்லிப் பார்த்தேன். கைமறதி இல்லை. ஒரே ஒரு முறை நீ சொல்வது பிழையாக வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

நீ தாளைப் பார்த்தாய், வானத்தைப் பார்த்தாய்.

"எடி, உண்மையாவே வெயிலோ? அங்க பார், முகில் எழும்பி நிக்குது."

"நீ பாடுறனி, நான் படிப்பிச்சனான். எழுதினதை வாசி."

நீ வாசித்தாய்.

புதன் பின்னேரம் கொட்டியது. றீற்றாவின் நெத்தலி ஆறு பாய் நனைந்து போனது. புருசன் ஒரு கிழமை கடலில் கிடந்து கொண்டுவந்த மீன். ஈரப் பாயை இழுத்துக்கொண்டு அவள் எதிரே உன் வாசல் படலைக்குத்தான் வந்தாள். தெருவே கேட்க ஏசினாள். நான் என் யன்னலுக்குப் பின்னால் நின்றேன். ஐந்தே எட்டு வைத்து வந்து "நான்தான்" என்று சொல்லியிருக்கலாம். வரவில்லை.

"ஓம் றீற்றா, பிழை என்ரதுதான். வா, கழுவிப் பாப்பம்" என்றாய் நீ. இருட்டும் வரை அவளோடு குந்தியிருந்து உப்புத் தண்ணீரில் நெத்தலி கழுவினாய். பாதிதான் தேறியது. அடுத்த ஞாயிறு குரல்பதிவைத் தொடங்கும்போதே, "போன கிழமை நான் பிழையாச் சொல்லிப்போட்டன், மன்னியுங்கோ" என்றாய். வட்ஸ்அப் குழு முழுக்க இதயங்கள். முதலாவது இதயம் றீற்றாவுடையது. பார், உனக்குக் கிடைத்த மன்னிப்பின் மீதும் எனக்குப் பொறாமை வந்தது. என் குற்றத்துக்கு வந்த மன்னிப்பு அது, வாங்கியது நீ.

என்னிடம் நீ ஒன்றும் கேட்கவில்லை. தாளைத் திருப்பித் தரும்போது, "இனி ஒருக்கா மேல பாத்திட்டு எழுதடி" என்றாய். அவ்வளவுதான். உனக்குத் தெரிந்திருந்தது.

ஐப்பசியில் காய்ச்சல் என்று படுத்தாய், எழும்பவில்லை. உன் அடக்க நாளுக்கு நான் அடைமழை என்று எழுதியிருந்தேன். பளிச்சென்று வெயில் எறித்தது. அதிலும் நீதான் வென்றாய்.

இப்போது என் தகரக் குரலில் நானே வாசிக்கிறேன். போன ஞாயிறு மாடியில் ஏறினேன். முருங்கன் பக்கம் அதே கோபுரங்கள். மேலே பார்த்துவிட்டே எழுதினேன்: புதன் இடிமழை, பாய் விரிக்க வேண்டாம். பதிவை நிறுத்தப் போனவள், நிறுத்தாமல் மற்றதையும் சொன்னேன். போன சித்திரை மழையைத் தெரிந்துகொண்டே மறைத்தது நான், அக்கா இல்லை என்று. அனுப்பிவிட்டுக் கதிரையில் இருந்தேன். வரட்டும், தெருவே கேட்க ஏசட்டும் என்று படலையைத் திறந்தும் வைத்தேன்.

முதல் பதில் றீற்றாவுடையது. அழுதுகொண்டு பேசியிருந்தாள். "ரீச்சர், அப்ப அவ ஒண்டும் செய்யாமலே என்னட்ட அவ்வளவு ஏச்சு வாங்கினவவோ? அவவைப்போல ஒரு மனிசி இனி வருமோ!" பிறகு ஒவ்வொருவராக அதையே சொன்னார்கள். உனக்குப் பூசை ஒப்புக்கொடுக்க வேண்டும் என்றார்கள். என்னை ஏச ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

இன்று சொன்னபடி மழை வந்தது. றீற்றா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "அக்கா சொல்லுற மாதிரியே சொல்லிப்போட்டீங்கள் ரீச்சர்" என்றாள். கோபமே இல்லாத முகம். நான் படலையை இன்னும் பூட்டவில்லை. எனக்கு வரவேண்டிய அந்த ஏச்சுக்காகத்தான் காத்திருக்கிறேன். அது வராது. அதை நீ வாங்கிக்கொண்டு போய்விட்டாய்.