அந்த மேசையிலிருந்து வாசித்த பெயர்

கொல்லயில், பாறசாலை வழி
22-10-1955

அன்பு மகள் ஞானபாய்க்கு அப்பா எழுதுவது. கர்த்தருடைய தயவால் நானும் அம்மாவும் உன் தங்கை புஷ்பபாயும் இங்கே சுகம், திருச்சியில் நீயும் உடம்புக்கு ஒரு குறைவும் இல்லாமல் இருப்பாய் என்று நம்பி இதைத் தொடங்குகிறேன். உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. அம்மா அதை ஞானப்பாட்டுப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு தர மாட்டேன் என்கிறாள், அதனால் ஞாபகத்திலிருந்து பதில் எழுதுகிறேன், எதையாவது விட்டிருந்தால் அவளைக் கோபித்துக்கொள். இங்கே ஐப்பசி மழை விடாமல் பெய்கிறது, கிணற்றடியில் இரண்டு ஏத்தன் வாழை சாய்ந்துவிட்டது, அம்மாவுக்குக் கால்வீக்கம் குறைந்திருக்கிறது. எல்லைக் கமிஷன் அறிக்கையை நீயும் படித்திருப்பாய். விளவங்கோடு வரைக்கும் தமிழர் பக்கமாம், நாம் மட்டும் மலையாளத்தாரோடு இந்தப் பக்கமே கிடக்க வேண்டுமாம். இருபத்துநான்கு வருஷம் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவனைத் தாண்டி ஒரு சின்னப் பையனைத் தலைமை ஆசிரியராக்கிய அரசாங்கத்தில்தான் நான் ஓய்வு பெறும்வரை கும்பிடு போட வேண்டும். சரி, அது என் பாடு. நான் எதையும் மறக்கிறவன் இல்லை என்று உனக்குத் தெரியும்.

போன ஞாயிறு சாயங்காலம் சதாசிவன் சாயாக்கடையில் பாட்டரி ரேடியோ வைத்து உன் நாடகம் கேட்டோம். நான் வெளியே பெஞ்சில், மழைக்கு ஒதுங்கினவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். நடிப்பவர்கள் பட்டியலில் உன் பெயர் சொன்னதும் உள்ளே ராபின்சன், எடே சதாசிவா, ரேடியோக்க ஒச்சையக் கூட்டி வை, நம்ம வாத்தியாருக்க மவளாக்கும் என்று சத்தம் போட்டான். யாரோ ஒருத்தன், ஜெயிலுக்குப் போன பிள்ளைதானே என்று இழுத்தான். அதற்குச் சதாசிவன், நீ சாயா குடிச்சாச்சுன்னா எழும்பு, அந்தப் பிள்ளை பேசட்டும் என்றான். அப்புறம் முடியும்வரை சதாசிவன் அடுப்புப் பக்கமே போகவில்லை மக்கா. நாடகத்தில் அந்தத் தாய் பிள்ளையைக் கூப்பிடும் இடத்தில் நீ சொல்லை நிறுத்தி மூச்சு விட்டாயே, அது நான் உனக்குச் சொல்லிக்கொடுத்தது. எட்டு வயதில் உன்னைக் கோயில் வாசிப்பு மேசைக்குப் பின்னால் முக்காலி போட்டு ஏற்றி ஏசாயா வாசிக்கச் சொன்னேன், முற்றுப்புள்ளி வந்தால் மனசுக்குள் ஒன்று எண்ணு என்றேன், ஞாபகம் இருக்கிறதா?

நீ இரண்டு காரியம் கேட்டிருந்தாய். அடுத்த நாடகத்துக்கு வேறு பெயர் கொடுக்கட்டுமா என்பது ஒன்று. புஷ்பபாயின் கல்யாண அறிவிப்பு ஓலையைக் கோயிலில் வாசிக்கிறதற்கு முன் நீ வந்து, சபைச் சட்டப்படி ஆராதனையில் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டுத் திருவிருந்தில் திரும்பச் சேரட்டுமா என்பது மற்றொன்று. தங்கைக்கு உன்னால் பேச்சு வரக்கூடாது என்று எழுதியதைப் படித்து அம்மா அழுதாள். புஷ்பபாய் அழவில்லை, அக்கா வராம என் ஓலையை எவனும் வாசிக்கண்டாம் என்று அடுக்களையில் பாத்திரத்தைப் போட்டு உடைக்கிறாள்.

பெயரை மாற்றாதே. அந்த நாடகக் கம்பெனி முதலாளியின் மைத்துனன் வேஷம் போடும் அறைக்குள் வந்து உன் கையைப் பிடித்தான், நீ செம்புக் குடத்தால் அவன் மண்டையை உடைத்தாய். அடிக்கவில்லை என்று சொல் என்று வக்கீல் சொல்லிக்கொடுத்தும் கூண்டில் நின்று அடித்தேன் என்று சொன்னாய். ஆறு மாதத்தையும் முழுக்கக் கழித்தாய். வெளியே வந்த பிறகு ஒரு கம்பெனியும் மேடை தராமல் ஒரு வருஷம் மற்றவர்களுக்கு வேஷத்துணி தைத்தாய். இவ்வளவுக்கும் பிறகு உனக்கு மிஞ்சியிருப்பது அந்தப் பெயர், அதையும் ஏன் விடவேண்டும்.

இரண்டாவது காரியம் வியாழக்கிழமை சபைக் கமிட்டியில் வந்தது. ராபின்சன் மேல் எனக்கு எவ்வளவு பொருமல் என்று உனக்குத் தெரியும். போன வருஷம் தமிழ்நாட்டோடு சேர நடந்த போராட்டத்தில் பஸ் கண்ணாடியை உடைத்து அவனும் ஆறு மாதம் போய் வந்தான். அவனுக்கு மாலையும் ஸ்தோத்திர ஜெபமும், உனக்கு விலக்கு, அது அரசியல், இது வேறே என்று போதகர் விளக்கம் சொன்னார். அந்த ராபின்சன்தான் கமிட்டியில் எழுந்து போதகரைப் பார்த்து, ஐயரே, நான் எறிஞ்ச கல்லு ஒரு வண்டிக்க மேலயாக்கும், அவ அடிச்சது கையப் பிடிச்சவன, ஞானபாய் எழும்பி நிக்கணும்னா நானும் பக்கத்துல நிக்கேன், ரெண்டு பேரையும் சேத்து மன்னிச்சு விடும் என்றான். போதகர் கண்ணாடியைத் துடைத்தார். முடிவு ஒன்றும் எடுக்காமல் ஜெபத்தோடு கலைந்தோம்.

நான் வாயே திறக்கவில்லை. ஏன் என்பதை இத்தனை நாள் உன்னிடம் மறைத்துவந்தேன். உன்னை விலக்கின அறிக்கை வந்த ஞாயிறு போதகர் வேறு சபைக்குப் போயிருந்தார். சபைச் செயலாளர் என்ற முறையில் அதை வாசித்தது நான்தான் மகளே. கமிட்டி எழுதிக்கொடுத்தால் செயலாளர் வாசிக்கவேண்டும் என்பது சட்டம், சட்டத்தில் என்னை ஒருவனும் குறை சொல்லக்கூடாது என்பது என் வீம்பு. நீ முக்காலி போட்டு நின்ற அதே மேசையிலிருந்து உன் முழுப்பெயரையும், தகப்பன் பெயர் ரெத்தினதாஸ் என்பதையும், முற்றுப்புள்ளிக்கு நிறுத்தி, ஒரு தடுமாற்றம் இல்லாமல் வாசித்தேன். வெளியே வரும்போது, சாருக்க வாசிப்பு கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டுது என்றார்கள். அன்றிலிருந்து நான் திருவிருந்துக்கு எழுந்து போவதில்லை. போதகர் மேல் உள்ள கோபம் என்று ஊர் நினைக்கிறது, நானும் திருத்தவில்லை. அம்மாவுக்குத் தெரியும்.

ஆகையால் எழுந்து நிற்க வேண்டியது நீ இல்லை. கிறிஸ்துமஸ் இந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமை வருகிறது. அன்று அறிக்கை வாசிக்கும் முறை என்னுடையது. நான் முன்பு வாசித்தது தவறு, என் மகள் என்னை மன்னிக்கவேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். கமிட்டி பார்த்துக் கையெழுத்துப் போடாத அறிக்கை, செயலாளர் வேலை போனால் போகட்டும். நீ அம்மாவோடு முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டால் போதும். அதற்குப் பிறகு என்னோடு திருவிருந்துப் பந்திக்கு வருவதும் வராததும் உன் விருப்பம். நீ எழும்பாவிட்டால் நானும் எழும்பமாட்டேன், அதில் எனக்கு வருத்தம் இராது.

குரலுக்குக் குளிர்ந்த சோடா ஆகாது, காலையில் உப்புத் தண்ணீர் கொப்பளி. வரும்போது பகல் பஸ்ஸில் வா, பாறசாலையில் இறங்கு, நான் நிற்பேன். கர்த்தர் உன்னையும் உன் குரலையும் காப்பாராக. அம்மாவின் முத்தங்கள். வருகிற தேதியை ஒரு கார்டில் மறக்காமல் எழுது, இந்தத் தடவை அதை வீட்டாருக்கு நான் வாசித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
ரெத்தினதாஸ்