உங்கள் மோரிஸின் கிராங்க்

இன்று காலை வாசலில் மறுபடியும் மண்ணெண்ணெய் வாடை. நீங்கள் போன பிறகு இந்த வீட்டில் அது இல்லை. அது இல்லாமல் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கிறேன் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. நம் அருள் உங்கள் கறுப்பு மோரிஸ் காரில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு கல்யாணத்துக்கு ஓட்டிப் போயிருக்கிறான். பெரம்பலூர் போய்ச் சேரும் முன்பே என்ஜின் காய்ந்து இறுகிவிட்டது. குரும்பலூர் மெக்கானிக் செல்வராசு வந்து அதைப் பிரித்து மண்ணெண்ணெயில் கழுவிச் சாக்கில் பரப்பியிருந்தார். உங்கள் வருஷப் பூசைக்கு அந்தக் காரில்தான் கல்லறைக்குப் போக வேண்டுமாம், பிள்ளைக்கு ஆசை.

நாமும் இப்படித்தான் பரப்புவோம், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும். இடப்பக்கச் சாக்கு மறுபடி பூட்டுவதற்கு, வலப்பக்கச் சாக்கு காயலான் கடைக்கு. "தேஞ்சத வச்சுக்கலாம், கீறுனத வச்சுக்கக் கூடாது" என்பீர்கள். கல்லுடைக்கும் கிரஷரில் வேலை பார்த்துப் பார்த்து உங்கள் காது மந்தமாகியிருந்தது. அதனால் பாகத்தைக் கயிற்றில் தொங்கவிட்டுச் சின்னச் சுத்தியலால் தட்டிவிட்டு என் முகத்தைப் பார்ப்பீர்கள். கணீரென்று கேட்டால் தலையாட்டுவேன். இல்லையென்றால், "சத்தம் செத்திருக்குங்க" என்பேன். "அப்ப இது ஆகாது" என்று வலப்பக்கம் எறிவீர்கள். எத்தனையோ வருஷம் உங்களோடு குடும்பம் நடத்தினேன். நான் சொல்லி நீங்கள் நம்பியது அந்த ஒன்றைத்தான்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் பள்ளிக்கூடத்து சிஸ்டர் வந்தார். எனக்கு டீச்சர் வேலை தருவதாக இருந்தார்கள். உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போக வந்திருந்தார். நான் அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தேன், அவ்வளவு சந்தோஷம். நீங்கள் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னது ஒரு சொல் விடாமல் காதில் விழுந்தது.

"அதுக்கு மனசு செரியில்லைங்க சிஸ்டர். மாத்திரை சாப்புடுது. புள்ளைங்கள நம்பி வுட முடியாது. வேலைக்கெல்லாம் ஆகாதுங்க."

நான் எந்த மாத்திரையும் சாப்பிட்டதில்லை. சிஸ்டர் என் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு, டீயைத் தொடாமல் போனார். ஏன் இப்படிச் சொன்னீர்கள் என்று அழுதேன். "வூட்ட யாரு பாக்குறது? போய் அந்த ராடக் கழுவு" என்றீர்கள். அதற்குப் பிறகு ஊரே என்னிடம் குழந்தையிடம் பேசுவது மாதிரி மெதுவாகப் பேச ஆரம்பித்தது. நீங்கள் ஒரு நாளும் அதைத் திருத்தவில்லை.

இன்று செல்வராசு ஒவ்வொன்றாகக் காட்டினார். இரண்டு பிஸ்டன் போய்விட்டது, என்ஜின் மூடியான ஹெட்டைச் சீவினால் சரியாகும். "கிராங்க் மட்டும் நல்லாருந்தா மத்தத ஒப்பேத்திடலாம்மா. இதுக்கு வேற எங்கயும் கெடைக்காது" என்றார். என்ஜினைச் சுற்றவைக்கும் அந்தக் கனத்த இரும்புத் தண்டைத் தொங்கவிட்டுத் தட்டினார். கோயில் மணி மாதிரி கேட்டது.

"நல்லாத்தான் இருக்கு" என்றார்.

"இருங்கண்ணே, அம்மா சொல்லட்டும். அப்பா அம்மா காதத்தான் நம்புவாரு" என்றான் அருள்.

இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள், நீங்கள் பார்ப்பது போலவே.

"சத்தம் செத்திருக்கு. உள்ளார கீறல் வுட்ருக்கு. இது ஆகாது" என்றேன்.

"எனக்கு நல்லாத்தானே கேட்டுச்சு" என்று இழுத்தார் செல்வராசு.

"அம்மா சொன்னா சரியாத்தாண்ணே இருக்கும்" என்று சொல்லும்போதே அருளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவனுக்காக வருத்தப்பட்டேன். உங்களுக்காக இல்லை. வருஷப் பூசைக்கு நாங்கள் ஷேர் ஆட்டோவில் வந்துகொள்கிறோம்.

செல்வராசு கிராங்கைத் தூக்கி வலப்பக்கம் போட்டார். அது உடைந்த பிஸ்டன்கள் மேல் விழுந்து இன்னொரு தடவை கணீரென்றது. இதை எழுதும்போதும் காதில் அந்தச் சத்தம்தான். அதில் ஒரு கீறலும் இல்லை. என்னிடமும் இருந்ததில்லை.