தொண்டை கட்டிய அம்மா

மகளே,

நீ கேட்ட காய்ந்த கணவாய் அனுப்பியிருக்கிறேன். இந்த வருஷம் எல்லாம் சின்னதுதான், கடல் சூடாகிவிட்டதாம். அது கிடக்கட்டும்.

அன்றைக்கு செண்டாய் நகரத்து ஓட்டலில், மாப்பிள்ளை வீட்டார் முன்னால் நீ சொன்னாயே, "அம்மாவுக்குத் தொண்டை கட்டியிருக்கு, பேச முடியாது" என்று. நம் துறைமுகத்தில் ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி, பேச்சை 'பே' என்றுதான் முடிப்போம். அது அவர்கள் காதில் விழக்கூடாது உனக்கு. நீயோ நகரத்துப் பெண்கள் மாதிரி ஒவ்வொரு பேச்சின் வாலிலும் 'னோ', 'னோ' என்று சர்க்கரை தடவினாய்.

"பாவம், வெந்நீர் குடிங்க சம்பந்தியம்மா," என்று மாப்பிள்ளையின் அம்மா கோப்பையை நீட்டினாள். நல்ல மனுஷி. அவளிடம் நானும் ஊமைபோலத் தலையாட்டினேன். அதை நினைத்தால் என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது. முப்பது வருஷம் மீன் ஏலத்தில் ஆம்பளைகளை மிஞ்சிக் கத்தி உன்னைப் படிக்கவைத்த தொண்டை இது.

இப்போது, கல்யாணத்தில் நான் பேச நாலு வரி எழுதி அனுப்பியிருக்கிறாய், வரிக்கு வரி அந்த வாலை ஒட்டி. கணவாயைச் சுற்றியிருக்கும் காகிதம் அதுதான்.

என் வாயால் நான் பேசலாம் என்றால் எழுது, வருகிறேன். இல்லையென்றால், தொண்டை இன்னும் ஆறவில்லை என்று அவர்களிடம் சொல்லிவிடு.

இப்படிக்கு,
தொண்டைக்கு ஒன்றும் ஆகாத
உன் அம்மா