கங்கையம்மன் எடுத்துக்கொண்ட நோவு

ஏரிப்பாக்கம்,
பொன்னேரி தாலுகா.
18-2-1971

அன்பு மகன் செங்கல்வராயனுக்கு அம்மா எழுதிக்கொண்டது.

இங்கே உன் நைனா, இரண்டு காளைகள், ஓர் எருமை எல்லாரும் நலம், நீயும் பிலாயில் அந்த இரும்பு உலைக்குப் பக்கத்தில் வெந்துபோகாமல் நலமாக இருக்க வேண்டும். உன் தங்கை செல்லியை இந்த வரிசையில் ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பாய், அதற்குத்தான் இந்தக் கடிதம். முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. போன ஆடியில் கங்கையம்மனுக்குக் கூழ் ஊற்றியபோது எனக்குச் சாமி வந்து ஆடினேன் என்று உன் முத்தம்மாள் அத்தை பெருமையாக உனக்கு எழுதச் சொன்னாளே, அது சாமி இல்லையடா. நான்தான்.

சிரித்தாயானால் சிரித்து முடித்துவிட்டு மேலே படி. செல்லிக்கு இடுப்பு நோவு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. ராத்திரி புரண்டு படுக்க முடியாது, காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் பாயை விட்டு எழுந்திருப்பாள், உச்சி வெயில் ஏறினால் கொஞ்சம் இளகும், அதைப் பார்த்துவிட்டு உன் அத்தை, "மத்தியானம் சோத்துக்கு நல்லாத்தான் கீறா, காத்தால சாணி வார்றதுக்குத்தான் நோவு வந்துடுது" என்பாள். பதினாறு வயசுப் பெண்ணுக்கு இடுப்பு நோவு என்றால் யாருடா நம்புகிறார்கள், அது கிழவிகள் சொத்து என்று நினைக்கிறார்கள். மீஞ்சூர் கம்பவுண்டர் ஊசி போட்டார், ஊசி போட்ட இடமும் சேர்ந்து வலித்ததுதான் மிச்சம். எலும்புக் கட்டுக்காரர் தடவிப் பார்த்து, உடையாத எலும்புக்கு எப்படிக் கட்டுப் போடுவது என்று கூலிகூட வாங்காமல் அனுப்பிவிட்டார். பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகலாம் என்று நான் வாயைத் திறந்தால் உன் நைனாவுக்கு அப்போதுதான் நாற்று விட வேண்டும், வரப்பு வெட்ட வேண்டும். பெண்டாட்டி சொல்லி ஏறாத காதில் யார் சொன்னால் ஏறும் என்று யோசித்தேன். மூக்குத்தியைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு (ஆடும்போது தொலைந்தால் அம்மனா வாங்கித் தரப்போகிறாள்) தலைமுடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு பம்பைக்காரர்கள் எதிரே போய் நின்றேன்.

நன்றாகத்தான் ஆடினேன் என்று வைத்துக்கொள். "யாருடி வந்துகீறது, இன்னா வோணும், வாயத் தொறந்து சொல்லு தாயே" என்று அத்தை கேட்டாள். "இந்தப் பொண்ணு நோவு நெசம்டா, பட்டணத்துக்கு இட்டுக்கினு போடா" என்று உன் நைனாவைப் பார்த்துக் கத்தினேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவரை டா போட்டுக் கூப்பிட எனக்கு இருந்த ஆசையும் அன்றைக்குத் தீர்ந்தது. அவர் அப்படியே என் காலில் விழுந்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "இட்டுக்கினு போனா சரியாப்பூடுமா தாயே?" என்று அத்தை இன்னொன்று கேட்டாள், பம்பைச் சத்தம் என் மண்டைக்குள் ஏறியிருந்தது, "தை பொறக்கறதுக்குள்ள நானே எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். யார் சொல்லச் சொன்னார்கள்? அப்புறம் கற்பூரத்தை ஏற்றி நாக்கில் வைத்துச் சாமியை மலையேற்றினார்கள். நிஜ அம்மனுக்குச் சுடாது. எனக்கு நாக்கு வெந்து ஒரு வாரம் மோரைக் குடித்துக்கொண்டு கிடந்தேன், விரதம் என்று சொல்லிவைத்தேன்.

அம்மன் வாக்கு என்றதும் கூடூர் பாசஞ்சரில் கிளம்பிவிட்டோம். மரப்பலகையில் உட்கார முடியாமல் செல்லி பட்டணம் வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தாள், எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் இந்த வயசில் இவ்வளவு மரியாதையா என்று பாராட்டினாள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். ஒரு டாக்டர் வளர்கிற வயசு என்றார், இன்னொருவர் பள்ளிக்கூடம் போகப் பிடிக்கவில்லையா என்று அவளைக் கேட்டார், பெரிய டாக்டர் படத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை, கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்றார். ஒன்றுமில்லை என்று கேட்டால் சந்தோஷப்பட வேண்டும் இல்லையா, செல்லி அங்கேயே அழுதாள். உன் நைனா அந்த எக்ஸ்ரேயை இன்னும் வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் வெயிலில் பிடித்துக் காட்டுகிறார், "பாருய்யா, ஒரு கீறல் கீதா" என்று, காளைக்குப் பல் பிடித்துக் காட்டுகிற மாதிரி.

தையும் பிறந்தது. இப்போது என்ன ஆயிற்று என்றால், டாக்டரும் ஒன்றுமில்லை என்கிறார், அம்மனும் எடுத்துக்கொள்கிறேன் என்றாள், இரண்டு பேர் வாக்கும் ஒன்றாகிவிட்டது. செல்லி முனகினால், "சாமியே எடுத்துக்கினு போன நோவ இவ வுடாம புடிச்சி வச்சிக்கினு கீறா" என்கிறாள் அத்தை. உன் நைனா அப்படிப் பேசமாட்டார் என்றுதான் இருந்தேன், அவரும், "ஆத்தா வாக்கு பொய்யாயிடுமாடி?" என்று கேட்டுவிட்டார். முன்னே பாதிப் பேராவது ஐயோ பாவம் என்பார்கள், இப்போது நோகிறது என்றால் அது சாமி நிந்தனை. இதற்கு நடுவில் பக்கத்து வீட்டுக் குப்புராஜ் தன் கிடாரி காணவில்லை, குறி சொல்லு என்று வந்து நின்றான், தொலைந்து போகட்டும் என்று ஆற்றுப் பக்கம் பாருடா என்றேன், அந்தச் சனியன் அங்கேதான் நின்றிருக்கிறது! அதற்கப்புறம் என் வாக்கை யார் சந்தேகப்படப்போகிறார்கள்.

ஆடியது நான்தான் என்று சொல்லிவிடலாமே என்பாய். நினைத்துப் பார்த்தேன். அன்றைக்கு நான் சொன்னது இரண்டு, நோவு நிஜம் என்றேன், போய்விடும் என்றேன். பொய் என்று ஒப்புக்கொண்டால் முதலில் சொன்னதும் சேர்ந்து பொய்யாகிவிடும், அம்மாவும் பெண்ணும் சேர்ந்து நாடகம் ஆடினார்கள் என்று ஊர் முடித்துவிடும். அதனால் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன், எனக்கு இது எவ்வளவு கஷ்டமான காரியம் என்று உனக்குத் தெரியும்.

செல்லியும் வாயை மூடிக்கொண்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எழுந்திருக்கப் படுகிற பாட்டை யாரும் பார்க்கக் கூடாது என்று எல்லாருக்கும் முன்னே எழுந்துவிடுகிறாள். அறுப்புக்குக் கூப்பிட்டார்கள், போனாள், குனிந்தவள் நிமிர அரிவாளை ஊன்றிக்கொண்டதை நான் பார்த்தேன். நோவுதாடி என்று கேட்டால், "இல்லமா, போயிடுச்சி" என்று என்னிடமே சொல்கிறாள். ஒரே ஒரு நாள் தலை பின்னும்போது, "நான் இன்னாமா தப்பு பண்ணேன், ஊர்ல எல்லாருக்கும் செய்றா, ஆத்தா என்னை மட்டும் வுட்டுட்டா" என்றாள். ஆத்தா நான்தான்டி, என்னால் ஆகவில்லையடி என்று சொல்ல வாய் வரவில்லை, பின்னி முடித்துப் பூ வைத்து அனுப்பினேன்.

மீஞ்சூரில் மாப்பிள்ளை பார்த்தாயிற்று, நல்ல நஞ்சை இருக்கிறது, பையன் வாயாடாதவன். பங்குனிக் கடைசியில் முகூர்த்தம். டாக்டர் சொன்ன மருந்து இது ஒன்றுதான் மிச்சம் என்று உன் நைனா அவசரப்படுகிறார், பெண் வீட்டில் இப்படி ஒரு கதை இருப்பது மாப்பிள்ளை வீட்டுக்கு எட்டுவதற்குள் முடிக்க வேண்டும் என்று அத்தை அவசரப்படுகிறாள். மாமியார் வீட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தால் என்ன சொல்வார்களோ. உங்கள் ஆலை ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர்கள் இருப்பார்களாமே, ஒரு வார்த்தை கேட்டுப் பார். அவரும் ஒன்றுமில்லை என்றுதான் சொல்லப்போகிறார், இருந்தாலும் கேள், இந்தியில் சொன்னால் வேறு மாதிரி வருகிறதா பார்ப்போம்.

நீ சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பதை விடாதே, கண்ட இடத்தில் நாஷ்டா சாப்பிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. முகூர்த்தத்துக்கு லீவு இப்போதே எழுதிக்கொடு, பந்தல்கால் நட நீ வேண்டும். செல்லிக்கு நீயாக ஒரு கடிதம் போடு, உடம்பைப் பற்றிக் கேட்காதே, கேட்டால் உனக்கும் பொய் எழுதுவாள். எந்தக் குறையும் உன்னை அண்டாமல் நீ நூறு வயசு இருக்க வேண்டும் என்று, சாமியாக இல்லாமல் வெறும் அம்மாவாக ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
பச்சையம்மா

பி.கு. கையெழுத்து கோணலாக இருக்கிறது என்று திட்டாதே. ஜன்னல் கட்டையில் தாளை வைத்து நின்றுகொண்டே எழுதினேன். காலையில் உட்கார்ந்தால் இடுப்பு பிடித்துக்கொண்டு எனக்கு எழுந்திருக்க வராது, செல்லி வயசிலிருந்தே அப்படித்தான், பெண் உடம்பு என்றால் இப்படித்தான் இருக்கும் என்று இருந்துவிட்டேன்.