ஃபேன் மேல் சுத்தியல் படக்கூடாது

ஷார்ஜா
12.8.1997

அன்புள்ள ஜாஸ்லினுக்கு,

ஆண்டவர் கிருபையால் உயிரோடுதான் இருக்கிறேன். நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். அம்மாவின் மூட்டுவலி எப்படி இருக்கிறது?

உன் கடிதம் முழுக்க நான் விட்டுவந்த வேனின் உடல்நிலைதான். வாட்டர் பம்ப் ஒழுகுகிறதாம், அதை மாற்ற முன்னாலிருக்கும் ஃபேன் கழலவில்லையாம். "சுத்தியலால ரெண்டு போடு போட்டா தானா வந்துரும்" என்றாராம் உன் அண்ணன். நடவுக்கு ஆள் ஏற்றி இறக்கத் தெரிந்துவிட்டால் மெக்கானிக் ஆகிவிடுவாரா? அடித்தால் ரேடியேட்டரும் சேர்ந்து போகும். தொடவேண்டாம் என்று சொல்.

நேற்று பட்டறையில் எனக்கும் அதே வேலை. உன் அண்ணனை மனதுக்குள் திட்டிக்கொண்டே ஃபேன் நட்டை முழுப் பலத்தோடு திருகினேன். அசையவில்லை. கூட வேலை செய்யும் காரைக்கால் சபீர் பாய் சிரித்தார். "என்ன ரெமி, இது ரிவர்ஸ் மரை. இவ்வளவு நேரமும் இறுக்கிக்கிட்டுல்ல இருக்கே!" அந்த எரிச்சலில் இழுத்தபோது ஸ்பேனர் நழுவி விரல் கிழிந்துவிட்டது. சின்னத் தையல்தான், பயப்படாதே. எழுத்து கோணுவது அதனால்தான்.

இந்தப் பக்கம் யாராவது புறப்பட்டால் கருவாடு கொடுத்தனுப்பு.

கேம்ப் பஸ் ஹார்ன் அடிக்கிறது. இது ஒன்றை மட்டும் செய். உன் அண்ணன் நெட்டை, டிரைவர் சீட்டைப் பின்னால் தள்ளித்தான் ஓட்டுவார். சாயங்காலம் வண்டி வந்து நின்றதும் நீயே அதை முன்னால் இழுத்து, என் அளவுக்கு வைத்துவிடு. யாரும் உட்காராவிட்டாலும் பரவாயில்லை.

உன்
ரெமிஜியஸ்